சாதாரண வீரர், சாதனைப் பயிற்சியாளர்: ஐஸ் ஹாக்கியில் இது எப்படி நிகழ்கிறது?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், அதாவது என்.எச்.எல். போட்டிகளில், வேய்ன் கிரெட்ஸ்கி 894 கோல்கள் அடித்தார். 2025 ஏப்ரலில் அலெக்ஸாண்டர் ஒவெச்கின் முறியடிக்கும் வரை அந்தச் சாதனை நிலைத்து நின்றது. அதே கிரெட்ஸ்கி 2005 முதல் 2009 வரை ஃபீனிக்ஸ் கயோட்டீஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த நான்கு சீசன்களில் அந்த அணி ஒருமுறைகூட பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையவில்லை. மறுபுறம், கிரெய்க் பெரூபி அதே லீகில் 17 சீசன்களில் 1,054 ஆட்டங்கள் ஆடி மொத்தம் 61 கோல்கள் மட்டுமே அடித்தவர். அவர் பயிற்சியளித்த செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி 2019-இல் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக, லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

டொரன்டோவில் உறவினர்கள் உள்ள சென்னைக் குடும்பங்களுக்கு மேப்பிள் லீஃப்ஸ் என்ற பெயர் புதிதன்று. 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வெல்லாத அந்த அணிக்கு 2024 மே மாதம் பெரூபி பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். கோல் அடிப்பதில் பெயர் எடுக்காத ஒருவரை ஏன் தேடிப் பிடிக்கிறார்கள், சீசன் பாதியில் இருக்கும்போதே பயிற்சியாளர்களை ஏன் மாற்றுகிறார்கள், 'இடைக்காலப் பயிற்சியாளர்' என்பவர் யார் என்ற கேள்விகள் கிரிக்கெட்டும் தரை ஹாக்கியும் பார்த்துப் பழகிய நமக்கு எழுவது இயல்பு. இவற்றுக்கு விடை காண, அந்த ஆட்டத்தில் பயிற்சியாளர் செய்யும் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பயிற்சியாளர் என்ன செய்கிறார்?

கிரிக்கெட்டில் களத்தில் நடப்பவற்றைக் கேப்டன் தீர்மானிக்கிறார். பந்துவீச்சாளரை மாற்றுவதும் ஃபீல்டரை நகர்த்துவதும் அவர் பொறுப்பு. 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு வீரராக வந்து 2009-இல் அதன் பயிற்சியாளரான ஸ்டீபன் ஃபிளெமிங்கை நாம் பெரும்பாலும் வீரர்கள் அமரும் கூடாரத்தில்தான் பார்த்திருக்கிறோம். அவருடைய வேலையில் பெரும்பகுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஐஸ் ஹாக்கியில் நிலைமை நேர்மாறானது. கோல்கீப்பரையும் சேர்த்து ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஆறு பேர் பனித்தளத்தில் இருப்பார்கள். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு 20 பேர் உடையணிந்து தயாராக இருப்பார்கள். இவர்களில் இருவர் கோல்கீப்பர்கள். மற்றவர்களில் பொதுவாகப் பன்னிரண்டு முன்கள வீரர்கள் மும்மூன்று பேராக நான்கு குழுக்களாகவும், ஆறு தற்காப்பு வீரர்கள் மூன்று இணைகளாகவும் பிரிக்கப்படுகிறார்கள். முன்கள வீரர்களின் இந்தக் குழுவுக்கு 'லைன்' என்று பெயர். முழு வேகத்தில் சறுக்கி ஆடும் ஒருவரால் ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு மேல் அதே வேகத்தைத் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே அவர் பென்ச்சுக்குத் திரும்ப, அடுத்தவர் தடுப்புப் பலகையைத் தாண்டிக் குதித்து இறங்குவார். ஒருவர் பனித்தளத்தில் தொடர்ச்சியாகக் கழிக்கும் அந்த நேரத்தை 'ஷிஃப்ட்' என்கிறார்கள். பெரும்பாலான மாற்றங்கள் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கின்றன. ஒரு நொடி முந்தி இறங்கினால் கூடுதல் ஆள் களத்தில் இருந்த குற்றத்துக்காக அணி இரண்டு நிமிடம் ஒரு வீரரை இழக்கும். ஒரு நொடி பிந்தினால் எதிரணிக்குத் திறந்த வெளி கிடைத்துவிடும்.

20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளிலும் பென்ச்சுக்குப் பின்னால் நிற்பவர் இந்த ஓட்டத்தை இடைவிடாமல் நடத்த வேண்டும். அவர் எடுக்கும் முடிவுகளில் முதன்மையானவை இவை:

1. யாருக்கு எதிராக யார்? ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது, சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்குக் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உண்டு. எதிரணியின் சிறந்த லைன் இறங்குவதைப் பார்த்த பிறகு, அதைக் கட்டுப்படுத்தக்கூடிய தன் வீரர்களை அனுப்பலாம். விருந்தாளி அணியின் பயிற்சியாளருக்கு அந்த வசதி இல்லை. தனக்குச் சாதகமான மோதலை அவர் ஆட்டம் ஓடும்போது செய்யும் மாற்றங்களின் வழியாகத்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

2. எப்போது மாற்றுவது? இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறுவதால், தங்கள் பென்ச் தாங்கள் காக்கும் கோலிலிருந்து தூரமாகிவிடுகிறது. களைத்த தற்காப்பு வீரர்கள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்வது அப்போதுதான் அதிகம். தற்காப்பில் நெருக்கடி தாளாமல், மைய கோட்டுக்குத் தங்கள் பக்கத்திலிருந்தே, 'பக்' எனப்படும் ரப்பர் வட்டை எதிர்முனை வரை அடித்துத் தள்ளினால் அது விதிமீறல். அவ்வாறு செய்த அணி, அடுத்த தொடக்கத்துக்கு முன் ஆளை மாற்றவே கூடாது.

3. நடுவரின் முடிவை எதிர்ப்பதா? எதிரணி அடித்த கோல் ஆஃப்சைடிலிருந்து வந்தது என்றோ, கோல்கீப்பர் இடையூறு செய்யப்பட்டார் என்றோ பயிற்சியாளர் முறையிடலாம். முறையீடு தோற்றால் அவருடைய அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. வீடியோ உதவியாளர் சொல்வதைக் கேட்டு சில நொடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

4. கோல்கீப்பரை வெளியே அழைப்பதா? பின்தங்கிய அணி இறுதி நிமிடங்களில் கோல்கீப்பரை எடுத்துவிட்டு ஆறாவது தாக்குதல் வீரரை இறக்கலாம். தரை ஹாக்கியிலும் இந்த உத்தி இருப்பதால் சென்னை ரசிகர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இவற்றில் எதற்கும் கோல் அடிக்கும் திறமை நேரடியாகத் தேவைப்படவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஆட்டத்தை முழுவதுமாகப் படிக்கவும், இருபது பேரின் மனநிலையையும் உடல்நிலையையும் ஒரே நேரத்தில் கணக்கில் வைத்திருக்கவும் தெரிய வேண்டும். இவை தனியான திறன்கள். இவற்றை எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

பெரூபியின் ஆட்டக்காலம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் கலாஹூ என்ற சிற்றூரிலிருந்து வந்த பெரூபியை, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நிகழ்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. ஆயினும் 1986-இலிருந்து 2003 வரை பிலடெல்பியா, டொரன்டோ, கால்கரி, வாஷிங்டன், நியூயார்க் ஐலேண்டர்ஸ் ஆகிய அணிகளுக்கு ஆடினார். அவர் கணக்கில் பளிச்சென்று தெரியும் எண் 3,149. அது, விதிமீறிய வீரர்கள் அமரவைக்கப்படும் தண்டனைப் பெட்டியில் அவர் கழிக்க நேர்ந்த நிமிடங்களின் எண்ணிக்கை. என்.எச்.எல். வரலாற்றிலேயே மிக அதிகமாகத் தண்டிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் அணியிலும் 'என்ஃபோர்சர்' எனப்பட்ட ஒருவர் இருப்பார். தன் அணியின் நட்சத்திர வீரரை எவரேனும் முரட்டுத்தனமாக மோதினால் அவரோடு சண்டைக்குப் போவது இவருடைய கடமை. கேட்பதற்குக் கொடூரமாக இருக்கலாம், உடல்நலத்துக்கு அது கேடு என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இப்படிப்பட்ட வீரர் ஓர் ஆட்டத்தில் சில நிமிடங்கள் மட்டுமே களத்தில் இருப்பார், மீதி நேரமெல்லாம் பென்ச்சில் பயிற்சியாளருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்பது நம் விஷயத்துக்கு முக்கியமானது. யாரை எப்போது அனுப்புகிறார்கள், ஒரு தவறுக்குப் பிறகு இளைஞன் ஒருவனிடம் என்ன சொல்கிறார்கள், எந்த வீரரை அதட்டலாம், எவரைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கிறது. தனக்கு ஆட்டம் கொடுக்கப்படாத இரவின் வலியும் அவருக்குத் தெரியும். கிரெட்ஸ்கி போன்றவர்களுக்கு அந்த அனுபவம் கிடைப்பதில்லை, ஏனெனில் அவர்கள் எப்போதும் களத்தில் இருப்பவர்கள்.

இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பென்ச்சில் உட்கார்ந்த நூற்றுக்கணக்கானவர்களில் மிகச் சிலரே பயிற்சியாளர்களாக உயர்ந்தார்கள். கற்க வாய்ப்பு இருந்தது என்று மட்டுமே இதிலிருந்து சொல்ல முடியும். அந்த வாய்ப்பைத் திறனாக மாற்றியது அதற்கடுத்த ஆண்டுகள்.

ஏணி: கீழ்நிலை லீகுகள்

என்.எச்.எல். அணி ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் இணை அணி உண்டு. அது ஏ.எச்.எல். என்ற இரண்டாம் நிலை லீகில் ஆடும். அதற்கும் கீழே இ.சி.எச்.எல். என்ற மூன்றாம் நிலை லீக். இளம் வீரர்கள் இந்தப் படிகளில் ஏறி மேலே வருவது போலவே பயிற்சியாளர்களும் வருகிறார்கள். பெரூபி பிலடெல்பியாவின் ஏ.எச்.எல். அணியில் துணைப் பயிற்சியாளராகத் தொடங்கி அங்கேயே தலைமைப் பயிற்சியாளரானார். பிறகு பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணியின் துணைப் பயிற்சியாளராக மேலே வந்தார். 2013 அக்டோபரில், சீசனின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற ஃபிளையர்ஸ் தன் பயிற்சியாளரை நீக்கியபோது அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. இரண்டே சீசன்களில், 2015-இல், இவரும் நீக்கப்பட்டார்.

அதன்பின் அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. என்.எச்.எல். தலைமைப் பொறுப்பு வகித்த ஒருவர் மீண்டும் ஏ.எச்.எல். படிக்கு இறங்கி, 2016-17 சீசனில் சிகாகோ உல்வ்ஸ் அணிக்குப் பயிற்சியளித்தார். அடுத்த ஆண்டு செயின்ட் லூயிஸ் அணியில் இரண்டாம் நிலைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பெருமையை ஒதுக்கிவைத்து இறங்கி ஏறிய இந்த ஆண்டுகளே அவரை உருவாக்கின என்பது என் உறுதியான கருத்து.

ஏணியின் மதிப்பை இன்னும் தெளிவாகக் காட்டுபவர் ஜாரெட் பெட்நார். அவர் என்.எச்.எல். ஆட்டம் ஒன்றில்கூட ஆடியதில்லை. வாழ்நாள் முழுவதும் கீழ்நிலை லீகுகளில் ஆடிய தற்காப்பு வீரர் அவர். ஆனால் பயிற்சியாளராக 2009-இல் இ.சி.எச்.எல். பட்டத்தையும், 2016-இல் ஏ.எச்.எல். பட்டத்தையும் வென்றார். 2016 ஆகஸ்டில் கொலராடோ அவலாஞ்ச் அணியின் பயிற்சியாளர் திடீரென்று விலக, புதிய சீசனுக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதமே இருந்த நிலையில் பெட்நார் அழைக்கப்பட்டார். முதல் சீசன் பேரிடியாக அமைந்தது. 82 ஆட்டங்களில் 48 புள்ளிகளுடன் லீகின் கடைசி இடம். பெரும்பாலான அணிகள் அங்கேயே கதையை முடித்திருக்கும். கொலராடோ நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. 2022 ஜூனில் அதே பெட்நார் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். மூன்று படிகளிலும் பட்டம் வென்ற அவருக்கு, தோல்வியில் தவிக்கும் இளம் அணியைக் கட்டியெழுப்புவது எப்படி என்பது ஏற்கெனவே கைவந்த கலை.

சீசன் நடுவே நீக்கம் ஏன்?

32 அணிகள் உள்ள லீகில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பயிற்சியாளர் நீக்கம் குறித்த செய்தி வருகிறது. இதற்குக் காரணம் கோபம் மட்டுமன்று. பணக்கணக்கும் இதில் உண்டு.

1. 2005 முதல் என்.எச்.எல்.-இல் ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்குக் கண்டிப்பான உச்சவரம்பு இருக்கிறது. 2025-26 சீசனுக்கு அது 9.55 கோடி டாலர்.

2. வீரர்களின் ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கானவை, சில ஒப்பந்தங்களில் வீரரின் சம்மதமின்றி அவரை வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் நிர்வாகத்தால் சீசன் நடுவே ஐந்தாறு பேரை மாற்றிவிட முடியாது.

3. பயிற்சியாளரின் சம்பளம் இந்த உச்சவரம்புக்குள் வருவதில்லை. அவரை நீக்கினால் மீதி ஒப்பந்தப் பணத்தை உரிமையாளர் கொடுக்க வேண்டியிருக்குமே தவிர, வீரர்களுக்கான கணக்கில் கைவைக்க வேண்டியதில்லை.

அணியின் தோல்விக்கு யார் காரணம் என்பதைவிட, யாரை மாற்ற முடியும் என்பதே பல நேரங்களில் நீக்கத்தைத் தீர்மானிக்கிறது. இது நியாயமற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த அமைப்பு இருக்கும் வரை நடைமுறையும் இப்படியே இருக்கும்.

நீக்கப்பட்டவரின் இடத்துக்கு, நிரந்தர ஏற்பாடு ஆகும்வரை துணைப் பயிற்சியாளர்களில் ஒருவரையோ இணை அணியின் பயிற்சியாளரையோ நியமிப்பதுண்டு. இவரே இடைக்காலப் பயிற்சியாளர். 2018 நவம்பரில் செயின்ட் லூயிஸ் தன் பயிற்சியாளரை நீக்கியபோது பெரூபி இப்படித்தான் பொறுப்பேற்றார். உடனே அதிசயம் எதுவும் நிகழவில்லை. 2019 ஜனவரி 3 காலையில் அந்த அணி லீகின் புள்ளிப்பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது. அடுத்த சில நாள்களில் ஜோர்டன் பின்னிங்டன் என்ற புதுமுக கோல்கீப்பருக்கு முதல்முறையாகத் தொடக்கம் முதல் ஆடும் வாய்ப்பு கிடைத்தது, அணியின் போக்கே மாறியது. ஜூன் 12 அன்று இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பாஸ்டன் மைதானத்திலேயே, 4-1 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. இதில் பின்னிங்டனின் பங்கு எவ்வளவு, பெரூபியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒரு கோல்கீப்பரை நம்பி வாய்ப்பைத் தொடர்ந்து தந்தது பயிற்சியாளரின் முடிவுதான்.

சீசன் நடுவே வந்து அந்த ஆண்டே கோப்பை வென்றவர்கள் வேறு சிலரும் உண்டு. 2009-இல் பிட்ஸ்பர்க் அணியின் டான் பைல்ஸ்மா, 2012-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் டாரில் சட்டர், 2016-இல் மீண்டும் பிட்ஸ்பர்க்கில் மைக் சல்லிவன். மூவருமே முன்னாள் என்.எச்.எல். வீரர்கள், மூவருமே நட்சத்திரங்கள் அல்லர். இந்த வெற்றிகளை வைத்து, பயிற்சியாளரை மாற்றினால் கோப்பை வரும் என்று எண்ணிவிடக் கூடாது. மாற்றியும் தோற்ற அணிகளின் பட்டியல் இதைவிட மிக நீளமானது, அவை செய்தியில் இடம்பெறுவதில்லை என்பதுதான் வேறுபாடு. செயின்ட் லூயிஸ் அணிகூட, வரலாற்றில் முதல் கோப்பையைத் தந்த பெரூபியை 2023 டிசம்பரில் நீக்கியது.

நட்சத்திரங்களுக்கு வராதா?

கிரெட்ஸ்கியின் தோல்வியை மட்டும் வைத்து, பெரிய வீரர்களுக்குப் பயிற்சியாளர் வேலை ஒத்துவராது என்று பலரும் சொல்வதுண்டு. அது அவசரமான முடிவு. கயோட்டீஸ் அணி அப்போது பலவீனமாக இருந்தது, நிதி நெருக்கடியில் சிக்கி 2009-இல் திவால் நடவடிக்கை வரை சென்றது. அதைவிட முக்கியமாக, கிரெட்ஸ்கி அதற்கு முன் எந்த நிலையிலும் பயிற்சியாளராக இருந்ததே இல்லை. முதல் வேலையே உச்சப் பதவி.

அவரோடு பாட்ரிக் ருவாவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோல்கீப்பராக நான்கு ஸ்டான்லி கோப்பைகள் வென்ற ருவா, ஓய்வுக்குப் பிறகு கியூபெக் நகரின் இளையோர் அணியில் 2005 முதல் எட்டு ஆண்டுகள் உழைத்தார். 2006-இல் அந்த அணி கனடாவின் இளையோர் சாம்பியன் பட்டத்தை வென்றது. அதன் பிறகே கொலராடோவுக்கு வந்தார், முதல் சீசனிலேயே 2014-இன் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதைப் பெற்றார். வழக்கமாகக் கடைசி ஒன்றரை நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே அழைப்பார்கள். ருவா ஏறத்தாழ மூன்று நிமிடம் மீதமிருக்கும்போதே அழைத்தார். 2014 ஏப்ரலில் மினசோட்டாவுக்கு எதிரான பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் அப்படி அழைத்தபின், 13 நொடிகள் எஞ்சியிருக்கையில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் அவருடைய அணி வென்றது. தொடரை ஏழு ஆட்டங்களில் இழந்தாலும், அந்தத் துணிச்சல் பின்னர் லீக் முழுவதும் பரவிய போக்குக்கு முன்னோடியாக அமைந்தது. 2016-இல் கொலராடோவை விட்டுத் திடீரென விலகி, பெட்நாருக்கு வழிவிட்டவரும் இதே ருவாதான்.

ராட் பிரிண்டமோர் 2006-இல் கரோலினா ஹரிகேன்ஸ் அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வென்று, ஓய்வுக்குப் பிறகு அதே அணியில் துணைப் பயிற்சியாளராக ஏழு ஆண்டுகள் பணியாற்றி, 2018-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அன்றுமுதல் 2024-25 வரை ஏழு சீசன்களிலும் கரோலினா பிளேஆஃப் சுற்றில் இடம்பிடித்தது.

என் வாதத்துக்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. மார்ட்டின் சான் லூயி, தன் மகன்கள் ஆடிய சிறுவர் அணிகளுக்குப் பயிற்சியளித்த அனுபவத்தோடு, 2022 பிப்ரவரியில் நேரே மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். 2025-இல் அந்த இளம் அணி பிளேஆஃபுக்கு முன்னேறியது. இவரும் டிராஃப்டில் எவராலும் எடுக்கப்படாதவர், குள்ளமானவர் என்று ஒதுக்கப்பட்டு, போராடி இடம்பிடித்து, 2004-இல் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான விருதையும் பெற்றவர். பென்ச்சின் இரு முனைகளையும் வீரராகவே பார்த்துவிட்ட நட்சத்திரம். ஏணியைத் தவிர்த்தும் அவர் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தொழில்முறையில் ஆடாமலேயே உச்சத்தை எட்டியவர்களும் உண்டு. வழக்கறிஞராக இருந்து, பள்ளி அணியில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் டாம்பா பே அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் ஜான் கூப்பர். இளம் வயதில் தலையில் பட்ட காயத்துக்குப் பிறகு பயிற்சிப் பணிக்கு வந்த ஸ்காட்டி போமன், பயிற்சியாளராக ஒன்பது ஸ்டான்லி கோப்பைகளை வென்றிருக்கிறார்.

தரை ஹாக்கியில் இதே கேள்வி

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த கேப்டன், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அவர் பின்னர் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய அணியின் பயிற்சியாளராகச் சென்றார், பதக்கம் வரவில்லை. நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயிற்சியாளர் பதவி, நல்ல வீரருக்குத் தரப்படும் மரியாதையாகவே கருதப்பட்டு வந்தது. தோற்றால் நீக்குவார்கள், நீக்கப்பட்டவர் இறங்கிக் கற்று மீண்டும் ஏறி வர ஓர் ஏ.எச்.எல். நமக்கு இல்லை.

அந்த வகையில் பி.ஆர்.ஸ்ரீஜேஷின் நியமனம் சரியான திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு ஓய்வுபெற்ற அந்த கோல்கீப்பருக்குச் சீனியர் அணி தரப்படவில்லை, ஜூனியர் அணி தரப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் அவருடைய அணி ஜூனியர் ஆசியக் கோப்பையை வென்றது. 2025 டிசம்பர் 10 அன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையின் வெண்கலப் பதக்க ஆட்டத்தில், அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த அந்த அணி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் அடித்து 4-2 என வென்றது. கேலரியில் இருந்தவர்கள் கோல்களைப் பார்த்தார்கள். அந்தப் பதினைந்து நிமிடங்களில் யார் யாரை எப்போது வெளியே அழைத்து, எவரை உள்ளே அனுப்பினார்கள் என்பதை ஆட்டத்தின் பதிவிலிருந்து எடுத்து எழுதினால், ஒரு கோல்கீப்பர் பயிற்சியாளராக மாறும் விதத்தைத் தமிழ் வாசகர்கள் தங்கள் ஊர் ஆட்டத்திலேயே படித்துவிடலாம்.